தொலைபேசியை எடுத்ததும் சொன்ன சொல்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, நிலக்கரிச் சுரங்கத்தின் பெல்ட் இணைப்புப் பிரிவில் ஒலித்த தொலைபேசியை எடுத்து, "ஸ்தோத்திரம்மா, சொல்லுங்க!" என்ற அன்பரே!

"உளுந்து ஊறப்போட மறந்துட்டன் சார். வரும்போது ரெண்டு பாக்கெட் மாவு வாங்கியாரச் சொல்லுங்க" என்று வளவனின் மனைவி பொற்கொடி சொன்னதைக் கேட்டு, "டேய் வளவா, மாவு ரெண்டு! மறந்தா உனக்கு வெறுந்தட்டுதான், சிபாரிசுக்கு நான் வரமாட்டேன்" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி அதை ஒப்படைத்த பண்பாளரே!

பெல்ட் ஒட்டும் பிரஸ் கொதிக்கும்போது பாடியவரே! அது ஆறும்வரை எங்களை ஆற்றியவரே! முப்பத்து நான்கு ஆண்டுப் புழுதியிலும் பழுப்பேறாத புன்னகைக்குச் சொந்தக்காரரே! எங்கள் ஃபோர்மேன் திரு. யோ. தேவஇரக்கம் அவர்களே! பணி நிறைவு பெறும் தங்களுக்குப் பிரிவின் தோழர்கள் அனைவரும் கைகூப்பிச் சொல்லும் வணக்கம்!

இந்த மடல் பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். மெயின் பஜாரில் பாராட்டு மடல் அச்சிட்டுத் தயாராகவே கிடைக்கிறது. சிகரமே, சிற்பியே, சீலமே என்று ஒரு பக்கம் நிறைய இருக்கும். பெயருக்கு மட்டும் புள்ளிக்கோடு. எங்கள் பிரிவின் சுப்பிரமணியன் அதில் ஒன்றை வாங்கி வந்து, இப்போது இதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் பொற்கொடியின் மேசைமேல் வைத்தார்.

"கையெழுத்து உனக்குத்தான் அழகா வரும். பேர மட்டும் எழுதிக் குடும்மா."

பொற்கொடி அதை முழுவதும் படித்தாள். "இதுல சார் எங்கண்ணே இருக்காரு? போன மாசம் கிரேன் ஆபரேட்டருக்கும் இதையேதான படிச்சீங்க?"

"அவரும் சிகரந்தானம்மா."

"வேணாம். நானே எழுதறன்."

"நீயா?" என்று திறந்த வாயை மூடச் சுப்பிரமணியனுக்குச் சற்று நேரமாயிற்று. ஏன் என்பது தங்களுக்குத் தெரியும். வந்திருக்கும் விருந்தினர்களுக்குத் தெரியாது. தங்களிடமிருந்து பறிக்கப்பட்ட ஒரு சொல் இருக்கிறது. பறித்தவள் பொற்கொடி. அதை இந்த மேடையில், எல்லோர் முன்னிலையிலும், தங்கள் கையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இன்று விட்டால் இன்னொரு நாள் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வளவன் மறந்துவிடாமலிருக்க இடது உள்ளங்கையில் பேனாவால் 'மாவு 2' என்று எழுதிக்கொண்டார். இரண்டேகால் மணிக்குப் பிரஸ் ஓரமாகத் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. வயது நாற்பத்தொன்று.

குவார்ட்டர்ஸில் பொற்கொடியின் கைபேசி ஒலித்தது. பிரிவின் எண்ணைப் பார்த்ததும், மாவுக்கடை பூட்டியிருக்கிறது போல என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எடுத்தாள். "ஸ்தோத்திரம்மா" என்றீர்கள். பிறகு சொன்னீர்கள்.

தங்கள் சபையாருக்கு அது வாழ்த்து. இறைவனுக்குச் செலுத்தும் துதி. காலையில் கையெழுத்துப் போடும்போதும் அதைத்தான் சொல்வீர்கள், பெல்ட் அறுந்துவிட்டதென்று ஆள் ஓடிவந்தாலும் அதைத்தான் சொல்வீர்கள். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. பொற்கொடிக்கும் அதுவரை அப்படித்தான். அந்த நொடியிலிருந்து அவள் காதில் அதற்கு ஒரே பொருள்: என் வீட்டுக்காரர் செத்ததற்கு இந்த மனிதர் தன் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

மறுநாள் வளவனின் ஊருக்கு மாலையோடு வந்த தங்களைப் பார்த்து, கூடியிருந்தவர்கள் எல்லோரும் கேட்க அவள் சொன்னாள்: "ஸ்தோத்திரம் சொன்ன வாயோட என் வூட்டுப் படி ஏறாதீங்க!"

தாங்கள் ஏறவில்லை. மாலையைச் சுப்பிரமணியன் கையில் கொடுத்துவிட்டு, எதிர்ப்புறச் சாலையோரத்தில் பிணம் எடுக்கும்வரை நின்றீர்கள். உள்ளே உடலைக் குளிப்பாட்டினார்கள். உள்ளங்கையில் மை போகவில்லை.

பதினோரு மாதம் கழித்து, வாரிசு வேலையாக, பொற்கொடி இதே பிரிவு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தாள். அவளுடைய வேலைக் கோப்பை மேசை மேசையாக நகர்த்தியது யார் என்று அவளிடம் மூச்சு விடக்கூடாதென எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தீர்கள். இந்த மடலுக்காக அவள் ஒவ்வொருவராக உட்காரவைத்து விசாரித்தபோது சத்தியம் உடைந்துவிட்டது. மன்னிக்க வேண்டுகிறோம்.

அவள் சேர்ந்த நாள் முதல் தொலைபேசியை எடுத்தால், "பெல்ட் செக்ஷன்" என்றீர்கள். அவ்வளவுதான். பாட்டும் நின்றது. பெல்ட்டின் இரண்டு முனைகளையும் ரப்பர் பசை தடவிச் சேர்த்துப் பிரஸ்ஸில் வைத்துவிட்டால், வெந்து ஆறும்வரை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் காத்திருப்பை எங்களுக்குக் கல்யாண வீடாக்கியது தங்கள் பாட்டு. ஏன் சார் பாடுவதில்லை என்று கேட்டால், "தொண்டை சரியில்லப்பா" என்பீர்கள். ஏழு வருடமாக ஆறாத அந்தத் தொண்டைக்குக் கேன்டீன்காரர்கூட மிளகுப்பால் போட்டுக் கொடுத்துப் பார்த்தார்.

அந்த ஏழு வருடமும் சுப்பிரமணியன்தான் தபால்காரர். ஒரே அறை, ஆறடி தூரம்.

"சார் ஸ்டோர் லிஸ்ட்டக் கேக்குறாரும்மா."

"மேசைமேல இருக்குன்னு சொல்லுங்க."

"மேசைமேல இருக்காம் சார்."

"காதுல விழுந்துச்சுப்பா."

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, இதே மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் தங்கள் துணைவியார் கிருபாவதி அம்மையாரை இழந்தீர்கள். அடக்கத்துக்கு ஆறு பேருக்குமேல் அனுமதியில்லை. நாங்கள் எவரும் வர முடியவில்லை. இருபது நாள் கழித்து வேலைக்கு வந்தீர்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் வேலை இருப்பதுபோல் நகர்ந்துகொண்டோம்.

அன்று பொற்கொடி ரப்பர் சுருளின் காலாவதித் தேதி பார்க்கக் குளிரறைக் கதவைத் திறந்தாள். வேகாத ரப்பர் கெடாமலிருக்க ஏசி போட்டு வைத்திருக்கும் அறை. சுருள்களுக்கு நடுவே, முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கிவிட்டு, தாங்கள் பாடிக்கொண்டிருந்தீர்கள். அழுகைப் பாட்டில்லை. டிசம்பரில் பிளாக் பிளாக்காக கேரல்ஸ் போகும்போது கைதட்டிப் பாடும் துள்ளல் பாட்டு. அதுவும் கத்திரி வெயிலில்.

ஏழு ஆண்டுகளில் முதல் முறையாக அவள் தங்களிடம் நேராகப் பேசினாள். "அக்கா போயி இருவது நாளுதான் ஆவுது. பாடிக்கினு இருக்கீங்க. எப்பிடி சார் வருது?"

"வரலம்மா. இழுத்துக்கிட்டு வர்றேன்" என்றீர்கள். "அவளுக்குப் புடிச்ச பாட்டு. கேரல்ஸ்ல சுதி தப்பித்தான் பாடுவா. அவ தப்பற எடத்துல நானும் தப்பிப் பாத்தேன். சிரிப்பு வந்துடுச்சு."

"சாமி மேல கோவமே வல்லியா?"

"ஏன் வராது? வந்துச்சு. அவர்கிட்டயேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவர் என்னைத் தள்ளிவிடமாட்டாருன்னு தெரிஞ்சுதான அவ்வளவு சண்ட போடறேன். அவளத் திரும்பப் பாப்பேன்னு சொல்லியிருக்காரு. அந்தப் பேச்சு மாறமாட்டாரு. அத நெனச்சா, அழுதுக்கிட்டிருக்கும்போதே உள்ள ஒரு எடத்துல சந்தோஷமா இருக்கும்மா. எனக்கே ஆச்சரியமா இருக்கு."

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். "அன்னிக்கி போன்ல ஏன் சார் அந்த வார்த்தயச் சொன்னீங்க?"

தாங்கள் சொன்னீர்கள்: "பஸ்ஸுல நின்னுக்கிட்டு வர்றோம். டிரைவர் சட்டுன்னு பிரேக் அடிச்சா கை தானா மேல இருக்கற கம்பியப் புடிக்குதில்ல? பஸ் நல்லா ஓடுதுன்னா புடிக்கறோம்? விழாம இருக்கத்தான. வளவன் என் மடியிலதாம்மா சாஞ்சான். உங்க நம்பரப் போடறதுக்குள்ள மூணு தரம் தப்பா அழுத்தினேன். அந்த நேரத்துல எனக்குப் புடிக்க அது ஒண்ணுதான் இருந்துச்சு. அது உங்க மேல போய் இடிக்கும்னு யோசிக்கல. தப்பு என்னுதுதான்."

பிறகு இதையும் சொன்னீர்கள்: "கிருபாவும் கடைசியா அதத்தான் சொன்னா. மெஷின் மாட்டிட்டா பேச முடியாதுன்னு நர்ஸம்மா வீடியோவுல போனை நீட்டினாங்க. 'ஸ்தோத்திரம்ங்க. பிரஷர் மாத்திரய நேரத்துக்குப் போடுங்க'ன்னா."

வெளியிலிருந்து சுப்பிரமணியன் கத்தினார். "கதவ மூடுங்கம்மா, ரப்பர் கெட்டுடும்!" அருகில் வந்து எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் நேராவே பேசிக்கினு இருக்கீங்களா? அப்ப எனக்கு வேல போச்சா?"

பொற்கொடி சிரித்தாள். அழவும் செய்தாள். தாங்களும் அப்படியே.

அடுத்த ஆண்டு ஈஸ்டர் விடியலில், மகள் இசைப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு அவள் தங்களோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தாள். அவள் வழக்கத்தில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. வளவனை அவள் கடைசியாகப் பார்த்தது தெருமுனையில், பிறருடைய தோள்மேல். இங்கேயோ கல்லறைக்குக் கல்லறை மெழுகுவத்தி; புதுப்புடவையில் பெண்கள்; பாட்டு; பாட்டு முடிந்ததும் எல்லோருக்கும் பன்னும் காப்பியும். தாங்கள் கிருபாவதி அம்மையாரின் கல்லைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தீர்கள்.

"இன்னா சார் இது, சாவு எடமா, திருநாளா?" என்று கேட்டாள்.

"ரெண்டுந்தாம்மா. ஆண்டவரோட கல்லறை காலியா இருந்த நாளு இது. அதான் இங்க வந்து பாடறோம்."

பொற்கொடி மதம் மாறவில்லை. மாறச் சொல்லித் தாங்கள் ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போவதை அவள் இன்றும் விடவில்லை. ஆனால் அந்த வாரமே கம்மாபுரத்துக்குப் பக்கத்திலுள்ள வளவனின் ஊருக்குத் தாயும் மகளும் பஸ் ஏறினார்கள். வளவனைப் புதைத்த, ஒன்பது ஆண்டுகளாகப் போகாத இடத்துக்குப் போனார்கள். புல் மண்டிக் கிடந்ததைப் பிடுங்கிச் சுத்தம் செய்து, இட்லி வைத்துக் கும்பிட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டார்கள். கடை மாவுதான். இரண்டு பாக்கெட்.

அதன்பின் பிரஸ்ஸுக்குப் பாட்டு திரும்பி வந்தது. தொண்டை குணமாகிவிட்டதென்று கேன்டீனில் எல்லோருக்கும் பால் கொடுத்தார்கள். சொல் மட்டும் வரவில்லை. பொற்கொடி இரண்டு முறை கேட்டாள். ஒரு முறை தொலைபேசி ஒலித்தபோது கருவியை எடுத்துத் தங்கள் கையிலேயே கொடுத்து, "பழயபடி பேசுங்க சார்" என்றாள். தாங்கள் கருவியை வாங்கி, "பெல்ட் செக்ஷன்" என்றீர்கள். "உங்க காதுக்கு அது வலிக்கும்மா, விடுங்க" என்று சிரித்துவிட்டீர்கள்.

வாரி வழங்காமலே வள்ளலானவரே! வாதம் செய்யாமலே விசுவாசத்தை விளங்கவைத்தவரே! பிறர் காது நோகாதிருக்கத் தம் நாவின் நல்விருந்தைத் தாமே துறந்த பெருந்தகையே! முப்பத்து நான்கு ஆண்டுகளில் தாங்கள் சேர்த்த பெல்ட் முனைகள் எத்தனையோ. அவற்றில் பல தேய்ந்து மாற்றப்பட்டுவிட்டன. குளிரறைக் கதவில் சேர்த்தது பிரியவில்லை.

ஆகவே, பொற்கொடி இதைத் தன் கையால் எழுதித் தானே படிக்கிறாள்: அந்தச் சொல் இப்போது அவளுக்கு வலிக்கவில்லை. அன்றைக்கு அது தவறான சொல்லும் இல்லை. வளவன் தனியாகச் சாகவில்லை, பக்கத்தில் இறைவனைக் கூப்பிட்டுக்கொண்டு ஒருவர் இருந்தார் என்பதற்கு அவளுக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

தாங்கள் நோயற்று, மாத்திரையை நேரத்துக்குப் போட்டு, பேரப்பிள்ளைகளுக்குச் சுதி தப்பாமலும் தப்பியும் பாடி, நெடுங்காலம் மகிழ்ந்திருக்க வேண்டும். நாளை ஞாயிறு, சபையில் பாடுங்கள். திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு இந்தப் பிரிவுக்கு ஒரு முறை தொலைபேசியில் பேசுங்கள். இனி அதை எடுப்பவள் பொற்கொடி. எடுத்ததும் தாங்கள் முதலில் சொல்ல வேண்டியது என்னவென்று தங்களுக்குத் தெரியும். அவள் காத்திருப்பாள்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
பெல்ட் இணைப்புப் பிரிவுத் தோழர்கள்
நெய்வேலி, மே 31

தொலைபேசி: 4263. அதே எண்தான்.