காரு டிக்கிக்கு லாரிக் கொண்டி

பூட்டு மாட்ட வந்த எடத்துல சிரிக்கறதுன்னா சிரிச்சுக்குங்க தம்பி, ஊரே சிரிச்சு முடிச்சாச்சு. காரு டிக்கியில கொண்டி வெல்டிங் வெச்சு, அதுல இத்தாம் பெரிய பூட்டைத் தொங்க உட்டுருக்கற ஊடு இந்தப் புதுச்சத்திரத்துல எங்களுது ஒண்ணுதானுங்க. போன வாரம் பக்கத்தூட்டு அன்பரசு ஓட்ட, ஒரு கல்யாணத்துக்கு இதுல போய் எறங்கறோம். இந்தப் பூட்டைப் பாத்துட்டு, ரேசன் கடை வந்துருச்சு, பையை எடுத்தாங்கன்னு எங்க நாத்தனா பாப்பாயி மண்டபத்து வாசல்ல நின்னுட்டுச் சொல்றா.

யாரு வெச்சதா? எங்கூட்டுக்காரருதான், அங்கமுத்து. காலம் பூராவும் லாரி ஓட்டுன மனுசன். போன வருசம் நாமக்கல்லுல லாரிக்குப் பாடி கட்டற பட்டறையில நிறுத்தி, டூல்பாக்ஸுக்கு வெக்கற கொண்டியை இதுக்கு வெச்சுட்டு வந்தாரு. வெச்சுக் குடுத்தவனுக்காச்சும் புத்தி வேண்டாமுங்களா? காருக்கும் லாரிக்கும் வித்தியாசம் தெரியாதவன் கையில வெல்டிங் ராடு.

உள்ள என்ன இருக்குதுங்கறீங்களா? இந்தாங்க சாவி, தொறந்து பாருங்க. அவரு தூங்கறாரு, தலகாணிக்கடியில இருந்து உருவியாந்தேன். பாத்தீங்களா? ஒரு ஸ்டெப்னி, ஒரு ஜாக்கி, ஓட்டைத் தார்ப்பாய். திருட வாரவன் பாவப்பட்டு எதாச்சும் வெச்சுட்டுத்தான் போவான்.

எம் மக அபிநயா, பெங்களூர்ல இருக்கறா, போனுலயே பூட்டித் தொறக்கற லாக்கு மாட்டும்மாங்கறா. ஊட்டுக்கு வாரதுக்கு லீவு இல்ல, யோசனை சொல்றதுக்கு மட்டும் எந்நேரமும் லீவு. நீங்களும் வந்ததுல இருந்து அலாரம், சென்ட்ரல் லாக்குன்னு படத்தைக் காட்டறீங்க. அதெல்லாம் பைக்குள்ள போடுங்க. அவரு கேட்டா இன்னொரு பூட்டு சேத்துப் போட்டாச்சுன்னு சொல்லிருங்க. அதுக்குத்தான் நீங்க வந்திருக்கறதா நெனச்சுட்டுப் படுத்திருக்காரு. எனக்கு வேணுங்கறது வேற.

கொண்டி பார்வைக்கு இருக்கட்டும். தெனமும் காத்தால ஆட்டிப் பாப்பாரு, காணோமுன்னா அன்னைக்குச் சோறு எறங்காது. ஆனா வெளிய பூட்டுத் தொங்குனாலும் உள்ளாற இருந்து இழுத்தா மூடி தொறந்துக்கோணும். டிரைவர் சீட்டுக்கிட்ட லிவர் இருக்குதில்லங்க, அந்த ஒயரை டிக்கிக்குள்ளயும் ஒண்ணு வாரமாதிரி இழுத்து உடுங்க.

பூட்டுன்னா பூட்டோணுமில்லங்கறீங்க. இத்தன வருசமா தொழில் பண்றீங்க, பூட்டாத பூட்டு ஒண்ணு பண்ணத் தெரியாதுங்களா? கொண்டியோட கீழ்க்காலை அறுத்துட்டு, காந்தம் வெச்சு ஒட்டுங்க. ஆட்டுனா அசையக்கூடாது, உள்ளாற இருந்து முட்டுனா வந்துறோணும்.

உள்ளாற யாரு இருக்கப் போறாங்களா?

அவருதானுங்க. லோடு லாரி நின்னா சரக்கு மேல ஒருத்தரு படுத்துக்கோணும், இல்லாட்டித் திருடனுங்க தார்ப்பாயை அறுத்துருவாங்க. லாரிக்காரங்க வழக்கம் அது. இப்பக் கொஞ்ச நாளா அவருக்கு நெனப்பு சரியில்ல, இதை லாரிங்கறாரு. செவ்வாக்கிழமை மத்தியானம் பூட்டைக் கழட்டிட்டு, தார்ப்பாயை விரிச்சு உள்ள படுத்து மூடியை இழுத்துக்கிட்டாரு, அது தானா மாட்டிக்கிச்சு. நான் கோழிப்பண்ணை, பஸ் ஸ்டாப்பெல்லாம் தேடிட்டு வந்து, இந்தக் காரு மேல சாஞ்சு நின்னு பாப்பாயிக்குப் போன் போடறேன், உள்ளாற தட்டற சத்தம் கேக்குது. சித்திரை வெய்யிலு. தொறந்தா வேர்வையில தொப்பலா நனஞ்சு கெடக்கறாரு. சரக்கு பத்திரமா இருக்குதுங்கறாரு.

வித்துப்போடலாமுங்க. ஆனா காரு நிக்கறதனாலதான் அவரும் இங்க நிக்கறாரு. சர்வீசுக்கு உட்டிருந்தப்ப லாரியைக் காணோமுன்னு பைபாஸ்ல சேலத்தைப் பாத்து நடந்துட்டாரு.

கைப்பிடி பிளாஸ்டிக்குல வேண்டாமுங்க தம்பி, அது எதுக்குன்னு அவருக்குத் தெரியாது. லோடு கட்டற கவுறு ஒரு முழம் எடுத்து வெச்சிருக்கறேன், அதை அந்த ஒயருல கட்டித் தொங்க உடுங்க. சில நாளு என்னையவே பாப்பாயின்னு தங்கச்சி பேரு சொல்லித்தான் கூப்புடறாரு. கவுறு கைக்குக் கெடைச்சா இழுப்பாரு.