அயுத்தயாவில் அப்பாவின் போட்டோ

குழந்தைகளே, தாய்லாந்தின் பழைய தலைநகரான அயுத்தயாவைப் பார்த்து வந்த ஒருவர், எடிசன் ஊருக்குப் போகும் ரயிலில் எனக்கு முன் சீட்டில் தன் நண்பரிடம் சொன்னது இது.

"எங்கப்பா அங்க தரையில படுத்துட்டார்டா."

"ஏன், மயக்கமா?"

"இல்லடா. இடிஞ்ச கோயில்ல, மரத்து வேருக்குள்ள ஒரு புத்தர் தலை, தரையோட தரையா. என்ன அழகு தெரியுமா. நம்ம தலை அதைவிட மேல இருக்கக் கூடாது, உட்கார்ந்துதான் போட்டோ எடுக்கணும். அப்பாவுக்கு முட்டி மடங்காது. அங்க காவலுக்கு இருந்த கார்டு, நின்னு எடுக்க முடியாதுன்னுட்டான். இதுக்காகவே பாங்காக் வழியா டிக்கெட் போடச் சொன்னவர்டா."

"அப்புறம்?"

"என் தோளைப் பிடிச்சு இறங்கி, சாஷ்டாங்கமா விழுந்துட்டார். கார்டு என் கேமராவை வாங்கி, தானும் படுத்துக்கிட்டு எடுத்தான்."

"எப்படி எழுந்தார்?"

"நானும் கார்டும் தூக்கினோம். நின்னதும், 'இன்னொண்ணு எடுக்கலாமா'ங்கறார்."