உத்தரவு வெற்றிலை

அன்று அந்த ஸ்டூடியோ அறையில் இருந்தது நான்கு பேர். பாட வந்த என் தங்கை கோமதியம்மாள், அவள் மகன் சுரேந்திரன், ஒலிப்பதிவு செய்த மன்சூர் அலி, வீட்டுக்கு மூத்தவனாக நான். ஏ.சி. அதிகமாக இருந்தது. குறைக்கச் சொன்னேன், உடனே குறைத்தார்கள். மரியாதை தெரிந்த பையன்கள்.

தாராவியில் கோயில் கொடை என்றால் கோமதியின் வில்லுப்பாட்டுதான். இப்போது வில்லின் முன்னால் யார் உட்காருகிறார்கள்? எல்லாம் ராப். அதனால் அம்மாவின் பாட்டுகளை அந்தத் தாளத்தில் ஏற்றி ஆல்பம் போட சுரேந்திரன் ஏற்பாடு செய்தான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் கடைசிப் பாட்டில்தான்.

அது எங்கள் இருவருக்கும் இடையில் பிறந்த பானுமதியின் கதை. ஊரில் வேறு சாதிப் பையனோடு கிளம்பியவள், மறுநாள் கிணற்றில் கிடந்தாள். கன்னித் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறோம். கால் தவறி விழுந்தாள் என்று பாடுவதே வழக்கம். ஆல்பத்துக்காக கோமதி அதை மாற்றியிருந்தாள். பெற்ற அப்பனே தள்ளினானாம்.

அவள் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். "அப்பா பேர இழுக்காத. அவரு தள்ளல."

"அப்போ யாருண்ணே?" என்றாள்.

காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பானுமதி கதையைப் பாடுமுன் வீட்டு மூத்தவன் வெற்றிலை மடித்துக் கொடுக்க வேண்டும். அதுதான் உத்தரவு. வாங்கியவள் கதை முடியும்வரை துப்பக் கூடாது.

"அரே, ஸ்டூடியோவுல எதுக்கும்மா இந்த டிராமா? மாமா வந்தா ரெக்கார்டிங் கேன்சல்தான்" என்றானாம் சுரேந்திரன்.

"எங்கண்ணன் தராம நான் வாயத் தொறக்க மாட்டேம்லே" என்று சொல்லிவிட்டு, கோமதியே எனக்குப் போன் செய்தாள். நானாகப் போகவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா.

மடித்துக்கொண்டிருந்தபோது மன்சூர் அலி சிரித்தான். "பெரியவரே, நமக்கு ஒரு பீடா கிடையாதா?"

"பாடுறவளுக்கு மட்டுந்தாம்ப்பா" என்றேன். ஒன்றும் அறியாத பிள்ளைக்கு ஏன் கெடுதல் வர வேண்டும்? சுண்ணாம்போடு எதைச் சேர்த்தேன் என்பதை உங்கள் டாக்டர் எழுதியிருப்பார்.

கோமதி என் காலைத் தொட்டுக் கும்பிட்டு வாங்கி வாயில் அடக்கிக்கொண்டாள். கிணறு வரும் இடம்வரை நன்றாகவே பாடினாள். கசந்திருக்கும். துப்பவில்லை. வளர்ப்பு அப்படி. சாய்ந்தபோது தலை தரையில் மோதாமல் நான்தான் தாங்கிப் பிடித்தேன். அப்பாவை இழுக்கும் அந்த வரி பதிவாகவில்லை.

ஆனாலும் சுரேந்திரன் வாய் சும்மா இல்லை. பானுமதியைத் தள்ளியது எங்கள் அப்பா என்று தொண்ணூறடி ரோடு முழுக்கப் பேசுகிறார்கள். அது பொய். இதை மட்டும் திருத்தமாக எழுதிக்கொள்ளுங்கள். அன்று அப்பா மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். கிணற்றடியில் அவளோடு நின்றது நான் மட்டும்தான்.