எதிர்த்திசையில் வந்த கிக்குயோ

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் நிஷிமோரி ஐயா அவர்களே, எங்கள் கோயில் துறவியார் அவர்களே, அலையோடு மல்லுக்கட்டியே நரைத்த படகோட்டிப் பெரியோர்களே, வழிநடையார் பசிக்கு விடியுமுன் சோற்றுருண்டை பிடிக்கும் தாய்மார்களே, இந்த விரிகுடாக் கரையில் விடுதி நடத்தும் எளியவளின் தலைதாழ்ந்த வணக்கம்.

துறவி கோபோ தாய்ஷி அடிவைத்த மண் இது. அவர் வழியே ஷிகோகு தீவைச் சுற்றி, எண்பத்தெட்டுக் கோயில்களையும் தொட்டு இன்றும் நடக்கிறார்கள். பிணத்துக்கு உடுத்தும் வெள்ளையை உயிரோடு உடுத்தி நடக்கிறார்கள். ஏன் நடக்கிறார்கள்? நாம் கேட்டோமா? ஆரஞ்சு கொடுத்தோம், அனுப்பிவைத்தோம்.

சென்ற இலையுதிர் காலத்தில் ஓர் அம்மா எதிர்த்திசையில் வந்தார். பெயர் கிக்குயோ. எதிரே வந்த ஒவ்வொரு வழிநடையாரின் தொப்பிக்கும் கீழே குனிந்து முகம் பார்த்தார். யாரைத் தேடினார்? கணவர் தோகுசோவைத் தேடினார். ‘தெற்கு முனைக் கோயிலைத் தாண்டி எனக்கு வழி கிடையாது’ என்று அண்டைவீட்டாரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டவரை, அந்த முனையிலிருந்தே திரும்பி நடந்து தேடினார்.

என் விடுதியில் ஒரு வழிநடையார் சொன்னார்: “இடது காலைச் சாய்ச்சு நடப்பாரே, அவரா? நேத்தே முந்தின விடுதியிலேருந்து எனக்கு முன்னால கிளம்பினாரே. இன்னும் வரலையா?”

கிக்குயோ தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

பின்வரிசையில் ஒருவர், விரிகுடாவைக் கடக்கும் படகில் கேட்டாயா என்கிறார். கேட்டேன் ஐயா. ஏறவில்லை என்றார்கள். அப்படியானால் மலைமுகட்டுப் பாதை. மழை பெய்த பாதை, மண் சரிந்த பாதை, ஒருபக்கம் முழுக்கக் கடல் பார்த்த பாதை. கிக்குயோவின் கால் வீங்கியிருந்தது. நான் ஏறினேன். வளைவுக்கு வளைவு எட்டிப் பார்த்தேன். கூப்பிடவும் பயம், கூப்பிடாமலிருக்கவும் பயம்.

பாறை விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

“தோகுசோ ஐயா, உங்க வீட்டம்மா கீழ இருக்காங்க.”

கடலைப் பார்த்தபடியே சொன்னார்: “எங்க பையன் கடல்ல மூழ்கிப் போனப்ப படகை ஓட்டினது நான். அவ ஒரு வார்த்தை திட்டலைங்க. சோறு போட்டா, துணி துவைச்சா. திட்டியிருந்தா வீட்டுலயே கிடந்திருப்பேன். தாய்ஷி கூடவே நடக்கிறார்ங்கறாங்க. எனக்கு என் காலடிச் சத்தம்தான் கேட்டுச்சு.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். சொன்னேன்: “அந்தத் திட்டை வாங்கிட்டுப் போங்க. அதுக்குத்தான் அவங்க இவ்வளவு தூரம் நடந்தாங்களோ என்னவோ.”

எழுந்தார்.

என் வாசலில் கிக்குயோ அவரைக் கண்டார். அழவில்லை. தோகுசோவின் தொப்பியைப் பிடுங்கி அவர் நெஞ்சிலேயே அடித்தார்.

“அறிவிருக்கா உங்களுக்கு? புள்ளையைத்தான் பறிகொடுத்தேன், உங்களையுமா கொடுக்கணும்? ஏன் அன்னிக்குப் படகைக் கரைக்குத் திருப்பல? ஏங்க திருப்பல?”

அத்தனை நாளும் அவர் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது. தோகுசோ மண்டியிட்டார். “கேளு கிக்குயோ. இன்னும் கேளு,” என்றார்.

இருவரும் சேர்ந்தே புறப்பட்டார்கள். முனையைக் கடந்துவிட்டோம் என்று அங்கிருந்து தொலைபேசியில் சொன்னார் கிக்குயோ. பின்னால் தோகுசோ வழியைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார், கிக்குயோ அதட்டினார்.

பெரியோர்களே, தாய்மார்களே, நாளையும் வெள்ளை உடுத்தி ஒருவர் வருவார். சோறு கொடுப்போம், கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் கொடுத்த கையோடு கதவைச் சாத்தலாமா? உட்காரச் சொல்வோம். எங்கே போகிறீர்கள் என்று கேட்காமல், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்போம். பதில் வரும்வரை எழாதிருப்போம்.

பொறுமையோடு செவிகொடுத்த அவைக்கு நன்றி. நடப்பவர்க்கும், நடப்பவருக்காகக் காத்திருப்பவர்க்கும் என் வணக்கம்.