மாடிப்படி வெளியே இருக்கட்டும்

இல்லல்ல, அதைச் சுருட்டாதீங்க இன்ஜினியரம்மா. இன்னும் முடியல. அவர் கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சிருச்சா? முடி வெட்டப் போற அவசரத்துல கிறுக்கிட்டுப் போயிருக்கார். வீட்டுல நான்னு ஒருத்தி இருக்கேன்ல? உக்காருங்க. அந்த மூலையில டம்ளரை வைங்க, இந்தப் பக்கம் என் கத்திரிக்கோலை வைக்கிறேன். ஆங், இப்போ சுருளாது. நாளைக்குக் காலையிலதானே அப்ரூவலுக்குக் குடுக்கணும்? அப்புறம் என்ன. அவர் வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். சலூன்ல பேப்பரை வரி விளம்பரம் வரைக்கும் படிக்காம எந்திரிக்க மாட்டார்.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதாம்மா. இந்தா, ஹாலுக்கு நடுவுல மாடிப்படி போட்டிருக்கீங்கல்ல, அதைத் தூக்கி வெளிய வைங்க. இந்தப் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி, தெருவுலேர்ந்து நேரா மாடிக்குப் போற மாதிரி. அதுக்குன்னு தனியா ஒரு சின்ன கேட்டு. அவ்வளவுதான்.

சிரிக்கிறீங்க பாத்தீங்களா. தெரியும்மா, படி நகந்தா ஹால் மாறும், ஹால் மாறினா பாத்ரூம் நகரும், பாத்ரூம் நகந்தா பைப்பெல்லாம் மாறும். நானும் முப்பத்தஞ்சு வருஷமா துணி வெட்டறவதான். கழுத்தை இறக்குன்னு வந்து நிப்பாங்க, கழுத்தை இறக்கினா தோள் நழுவும். கடைசி நேரத்துல வந்து சொல்றவங்களை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்! இப்போ நீங்க என்னைத் திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆனா படி வெளிய வரணும்.

சுத்தி அஞ்சடி காலி இடம் விட்டே ஆகணுமா? அதுல படி வரக்கூடாதா? சரி, அதுல வேண்டாம். ஹால்ல மூணடியை வெட்டுங்க. இவ்வளவு பெரிய ஹாலை வெச்சு என்ன பண்ணப் போறார், பஸ்ஸைத் திருப்பப் போறாரா?

அட, உங்ககிட்ட சொல்லலையா? பஸ் டிப்போவுல டைம் கீப்பரா இருந்தவர்மா. முப்பத்தோரு வருஷம். கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு எந்த வண்டி எப்போ உள்ள வந்துச்சு, எப்போ வெளிய போச்சுன்னு எழுதறது. ரிட்டயர் ஆனதும் டிப்போ விட்டுருச்சு, இவர் விடல. இந்த வாடகை வீட்டுலயே பாருங்க, அந்தச் சாய்வு நாற்காலி எங்க கெடக்குன்னு. வாசக்கதவும் தெரியும், சமையல்கட்டும் தெரியும், பின்கதவும் தெரியும். நான் மூலைக்கடைக்கு நூல்கண்டு வாங்கப் போய்ட்டு வந்தா, இருவத்திரண்டு நிமிஷம் ஆச்சேங்கறார். கோவமெல்லாம் இல்லம்மா. சும்மா ஒரு கணக்கு. எல்லாரும் பத்திரமா உள்ள வந்து சேந்துட்டாங்கன்னு தெரிஞ்சாதான் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்கும்.

அவர் மொதல்ல வரைஞ்ச பிளானைப் பாத்திருக்கீங்கல்ல, அந்தக் கட்டம் போட்ட நோட்டுல? ஆறு மாசம் வரைஞ்சார். பக்கத்துல போய் எட்டிப் பாத்தா கையால மறைச்சுக்குவார், ஏதோ பரிட்சை எழுதற புள்ள மாதிரி. கடைசியில ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினார். ரூம் பன்னெண்டடி, ஹால் பதினெட்டடி, கூட்டிக் கழிச்சா முப்பதடிக்கு முப்பதடி, ஒரு இஞ்ச் பெசகல. ஏங்க, சுவர் எங்கங்கன்னு கேட்டேன். இந்தா கோடு போட்டிருக்கேனே, இதான் சுவர்ங்கறார். கோடு பென்சில் கனம்தான் இருக்கு, சுவர் முக்கால் அடி கனம் ஆச்சே, அதுக்கு எங்க இடம்னு கேட்டேன். பேய் அறைஞ்ச மாதிரி ஆயிட்டார்! தையலுக்குத் துணி விடாம வெட்டிட்டு முழிக்குமே புதுசா கத்துக்க வர்ற புள்ளைங்க, அதே முழி. ரெண்டு நாள் என்கூடப் பேசல. மூணாம் நாள்தான் உங்க நம்பரை விசாரிச்சார். ஆக உங்களுக்கு இந்த வேலை கெடைச்சது என்னாலதான், ஞாபகம் வெச்சுக்குங்க.

அதனால அந்த ஹால்ல மூணடி போனா ஒண்ணும் குடி முழுகிடாது. ஆனா படி போயிடுமேன்னுதான் அவர் துடிப்பார். அந்தப் படி எங்க ஏறுது பாருங்க. அவர் நாற்காலிக்கு நேர் எதிர்ல. மாடிக்கு யாரு ஏறினாலும் அவர் முழங்காலைத் தாண்டித்தான் ஏறணும். கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு உக்காந்திருப்பார்.

ஆமா, மாடி மருமகளுக்குத்தான். அவளும் பேத்தியும். ஒரு ரூம், ஒரு சின்ன ஹால், அடுப்பு வைக்க ஒரு மேடை, அது இப்போ இருக்கற மாதிரியே இருக்கட்டும். வழி மட்டும் தனியா வேணும்.

ஓகோ. அந்தப் பார்வை எனக்குப் புரியுதும்மா. வாயைத் திறந்து கேட்டுடுங்க, மென்னு முழுங்காதீங்க. மாமியார்காரி மருமகளைத் தனியா ஒதுக்கப் பாக்கிறா, அதுக்கு வீட்டுக்காரர் இல்லாத நேரமாப் பாத்து என்னை வளைக்கிறா, அதானே? இவ்வளவு நேரம் டீ குடுத்து நல்லாத்தானே பேசினா, உள்ளுக்குள்ள இவ்வளவு வெச்சிருக்காளேன்னு தோணுதா? தோணட்டும். மாமியார்னு ஆயாச்சு, பேர் வாங்காம போக முடியுமா.

அவ என்னைவிட்டு ஒதுங்கவே மாட்டாம்மா. அதான் என் தலைவலியே. காலையில ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போவா, சாயங்காலம் வந்ததும் பையை வெச்ச கையோட என் மெஷின் பக்கத்துல உக்காந்து பட்டன் தைப்பா. வேண்டாம்டின்னாலும் கேக்க மாட்டா. ஊசியில நூல் கோக்க எனக்குக் கண்ணு தெரியலைன்னு, காலையிலேயே பத்து ஊசியில கோத்துக் குத்தி வெச்சுட்டுப் போறவ. என் வயித்துல பொறந்திருந்தாகூட இப்படி இருந்திருக்க மாட்டா, என்னை மாதிரி வாயாடியா இருந்திருப்பா.

பையனா? அவன் ஒண்ணும் கேக்க மாட்டான். அவன்கிட்ட கேக்க வேண்டியதில்ல.

ஆமா, கீழ பையன் ரூம்னு தனியா போடச் சொன்னாருல்ல. ஜன்னலை ஒட்டி மேஜை, சுவர் முழுக்கப் புத்தக அலமாரி, எல்லாம் இஞ்ச் அளவு சொல்லியிருப்பாரே. நீங்களும் பாவம், பையன் கீழ, மருமக மேல, என்னடா இது குடும்பம்னு மனசுக்குள்ள ஒரு பஞ்சாயத்தே நடத்தியிருப்பீங்க. வாயைத் திறந்து கேக்காம இருந்தீங்களே, நல்ல புள்ள. அந்த ரூமைத் தொடாதீங்க. ஒரு இஞ்ச் குறைக்க வேண்டாம். அது அவருக்கு.

இப்போ நீங்க என்ன பண்றீங்க, அவர் வந்ததும், ஹால் நடுவுல படி வெச்சா பில்லர் தாங்காது, படி வெளியதான் வரணும், இது ரூல்னு ஒரே போடா போடுங்க. ரூல்னா அடங்கிடுவார். டிப்போவுல ரூல் புத்தகத்தைத் தலைமாட்டுல வெச்சுத் தூங்கின மனுஷன். நான் சொன்னா நூறு கேள்வி கேப்பார். நீங்க ரூல்னு சொன்னா சரிங்க மேடம்னுடுவார்.

பொய் சொல்ல மாட்டீங்களா? அட ராமா, பில்லர் மேல ஒரு பொய். யாருக்கு வலிக்கப் போகுது? காரணம் தெரியாம செய்ய மாட்டேங்கறீங்க. சரிதான். நானா இருந்தாலும் செய்ய மாட்டேன். அந்த ஸ்டூலை இப்படி இழுங்க, சொல்றேன். டீ ஆறிடுச்சே, பரவாயில்ல, குடிச்சிடுங்க.

எங்க பேத்திக்கு ஏழு வயசு. வீட்டுல வாலுன்னுதான் கூப்பிடுவோம். போன வருஷம் கண்ணாடி போட்டாங்க. போட்ட மாசத்துலேர்ந்து பாத்தா, வாரம் தவறாம அந்தக் கண்ணாடியில ஒரு ஸ்க்ரூ கழண்டுக்கும். மருமக எடுத்துக்கிட்டுப் போவா, கண்ணாடிக் கடைக்காரர் முடுக்கிக் குடுப்பார். அடுத்த வாரம் மறுபடி கழளும். எனக்கு ஒரே ஆத்திரம். என்ன கண்ணாடி வித்திருக்கான், நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்னு ஒருநாள் நானே கெளம்பிட்டேன். போய் நின்னேன். இந்தாப்பா, எங்க புள்ளைக்கு நீ குடுத்த கண்ணாடின்னு நீட்டினேன். அந்த மனுஷன் கண்ணாடியைப் பாக்கல, என்னையும் பாக்கல. என் முதுகுக்குப் பின்னாடி வாசலைப் பாக்கறார். அவங்க வரலையான்னு கேக்கறார். வரலைன்னேன். முகம் விழுந்துச்சு பாருங்க, எனக்கே ஐயோன்னு ஆயிடுச்சு. திட்ட வந்ததே மறந்துபோச்சு. கண்ணாடியைக் கையில வாங்கிப் பாத்துட்டு, இதுல ஸ்க்ரூ தானா கழளலையேம்மா, யாரோ கழட்டியிருக்காங்கங்கறார். அப்போதான் எனக்கு மண்டையில உறைச்சுது, கழட்டறது யாருன்னு. வீட்டுல இருக்கற ஒரே சின்ன ஸ்க்ரூ டிரைவர் என் மெஷின் டப்பாவுலதான் இருக்கு. நான் எடுக்கல, வாலுக்கு எடுக்கத் தெரியாது, வீட்டுக்காரர் அந்த டப்பா பக்கமே போக மாட்டார். மிச்சம் மருமகதானே.

ஏம்மா முகம் அப்படிப் போகுது? என்ன ஆச்சு? கட்டின புருஷன் இருக்கும்போதான்னா கேக்கறீங்க?

ஐயோ. எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட சொல்லவே இல்லையா? நாலு மாசமா வந்து போறீங்க, சொல்லலையா?

என் பையன் போய் நாலு வருஷம் ஆச்சும்மா. மூணு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். வெளியூர்ல இருக்கான்னு சொன்னாரா? சொல்லல, பையன் ரூம்னு மட்டும்தான் சொன்னாரா. அதான, அவரும் உங்களை மாதிரிதான், பொய் வராது. நான் ஒருத்திதான் இந்த வீட்டுல பொய் சொல்றவ. இல்லம்மா, நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க. தண்ணி வேணுமா? எனக்கும் கொஞ்சம் அந்தச் சொம்பை எடுங்க.

அப்புறம் நான் அந்தக் கடைக்கு மூணு தடவை போனேன். எனக்கு ஒண்ணும் புதுக் கண்ணாடி தேவையில்ல, சும்மா அளவு பாக்கற மாதிரிப் போய் உக்காந்து பேசினேன். நல்ல மாதிரி. கொஞ்சம் கூச்சம். மூணாவது தடவை நேராவே கேட்டேன், தம்பி, என் மருமகளைக் கட்டிக்க இஷ்டமான்னு. கையில இருந்த ஃப்ரேமைக் கீழ போட்டுட்டார். பொறுக்கி எடுத்துட்டுச் சொல்றார், நான் ஆறு மாசம் முன்னாடியே கேட்டுட்டேம்மா, அவங்கதான் முடியாதுன்னுட்டாங்கன்னு. ஏனாம்? எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு வர மாட்டாளாம். மாமாவுக்கு ராத்திரி நான் உள்ள வந்தாதான் தூக்கம் வரும்னாளாம். அத்தைக்கு ஊசி கோக்க யாருமில்லைன்னாளாம். கேட்டதும் எனக்கு அழுகையா வருது, கோவமா வருது, ரெண்டும் சேந்து வருது. முப்பத்திரண்டு வயசும்மா அவளுக்கு. ஊசி கோக்கறதுக்காக ஒருத்தி ஆயுசைக் கழிப்பாளா?

எனக்கு வலிக்கலைன்னு நினைக்காதீங்க. என் புள்ள இருந்த இடத்துல இன்னொருத்தர் வந்து உக்காரணும்னு நானே தேடிப் போறேன்னா எப்படி இருக்கும். வலிக்குது. ஆனா அவ சாயங்காலம் பட்டன் தைக்கும்போது அவ முகத்தைப் பாத்தா அது இதைவிட வலிக்குது.

சரி, நீங்க புது வீட்டு மாடிக்கு வந்து எங்ககூடவே இருங்களேன்னு அந்தக் கடைக்காரரைக் கேட்டேன். யோசிச்சு யோசிச்சு ஒண்ணு சொன்னார். நான் வரத் தயார்மா, ஆனா தினம் அவங்க மாமனார் நாற்காலியைத் தாண்டி, அவர் முகத்தைப் பாத்துட்டு மாடி ஏற என்னால முடியாது, அவரும் பாவம், நானும் பாவம்னார். அன்னைக்கு ராத்திரியே இந்தப் படியைத் தூக்கி வெளிய வெச்சுட்டேன் நான், மனசுக்குள்ள. இப்போ புரியுதா? தனி வழி இருந்தா அவ எங்களை விட்டுட்டுப் போனதாவும் ஆகாது, அவர் உள்ள வந்ததாவும் ஆகாது. கொஞ்ச நாள் போனா இவரே ஒருநாள் அந்தச் சின்ன கேட்டுப் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டு, கடை பூட்ட இவ்வளவு நேரமான்னு கேப்பார். எனக்குத் தெரியும் அவரை. ஆனா மொதல்ல படி நிக்கணும். அப்ரூவல் ஆயிட்டா ஒரு செங்கல்லைக்கூட மாத்த விட மாட்டார், ரூல்.

மருமகளுக்குத் தெரியாது. வீட்டுக்காரருக்கும் தெரியாது. உங்களுக்கும் எனக்கும் கண்ணாடிக் கடைக்கும்தான் தெரியும். ரெண்டு பேர்கிட்டயும் நானே சொல்லிக்கிறேன், அது என் பாடு. நீங்க கோட்டை மட்டும் மாத்துங்க.

மாத்தறீங்களா? பில்லர்னு சொல்ல மாட்டீங்க, மாடிக்குக் காத்து வர வெளிய வெச்சா நல்லதுன்னு சொல்லுவீங்களா. சொல்லுங்க, அது பொய் இல்லதானே, காத்து வரத்தானே போகுது. இந்தாங்க பென்சில். கண்ணைத் தொடைச்சுக்கிட்டுப் போடுங்கம்மா, கோடு கோணலாப் போயிடப் போகுது.

ஆங், அப்படித்தான். அப்புறம் இன்னும் ஒண்ணே ஒண்ணு. மாடி ரூம்ல இந்த ஓரத்துல ஒரு கட்டம் போட்டிருக்கீங்களே, இது கட்டில்தானே? ஒத்தைக் கட்டில். அவர் சொல்லிப் போட்டிருப்பீங்க. அதை அழிச்சிட்டு ரெட்டைக் கட்டிலாப் போட்டுக் குடுங்க.