அண்டாவுக்கு இடம்

– ஏங்க, ஒரு ஸ்டெப்னியை வெளிய எடுக்க இம்புட்டு நேரமா? வெயில் மண்டையைப் பொளக்குது.

– எடுக்கிறேன்டி. டிக்கி நெறையச் சீர்த்தட்டு. எல்லாத்தையும் எறக்கணும்ல.

– நகருங்க, நான் எறக்குறேன். இந்தத் தட்டுல புள்ளைக்கு வாங்கின வளையல் இருக்கு. நீங்க தூக்கினா ஒடைச்சுருவீக.

– வேணாம் முனீஸ்வரி. நீ போயி உள்ள உக்காரு. பட்டுச்சேலை அழுக்காயிரும்.

– உள்ள உக்காந்தா வேகுது. செக்கானூரணி தாண்டி எம்புட்டு தூரம் வந்திருப்போம்?

– கொஞ்ச தூரம்தான். கோயில் இன்னும் பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் இருக்கும்.

– எமகண்டம் பொறக்கிறதுக்குள்ள காது குத்தணும்னு உங்க தங்கச்சி படிச்சுப் படிச்சுச் சொன்னா. என்னங்க, அண்டாவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறீக? அதைத் தூக்கினாத்தான அடியில ஸ்டெப்னி.

– அடியில ஒண்ணும் இல்ல.

– ஒண்ணும் இல்லைன்னா?

– ஸ்டெப்னி இல்லைங்கிறேன்.

– புது வண்டிக்கு ஸ்டெப்னி குடுக்காமயா விட்டாய்ங்க?

– குடுத்தாய்ங்க. நான்தான் எறக்கி வச்சேன்.

– எங்க?

– வீட்ல. துணி துவைக்கிற கல்லுப் பக்கம்.

– அது நம்ம டயரா? காலையில கோலம் போட வந்தப்பப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரங்களதுன்னு நெனைச்சு அவுக வாசல் பக்கமா உருட்டி விட்டுட்டு வந்தேன்.

– நல்லா இருக்கு. இப்ப அதுவும் போச்சா?

– அதை விடுங்க. எதுக்கு எறக்குனீக?

– அண்டா ஏறலடி. ஸ்டெப்னி இருந்தா டிக்கி மூட மாட்டேங்குது. பலகையைத் தூக்கிட்டு, ஸ்டெப்னியை எறக்கிட்டு, அந்தக் குழியில அண்டாவை வச்சேன். அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காந்துருச்சு.

– நான் எதுவும் சொல்லலப்பா. ஒரு குட்டியானை லோடு வண்டியை வாடகைக்குப் பிடிப்போம்னு அன்னைக்கே சொன்னேன்.

– வாடகை வண்டியில சீர் கொண்டு போறதா? தாய்மாமன் வாரான்னா சொந்த வண்டியில வரணும். டிக்கியைத் தொறந்தா ஊரே எட்டிப் பார்க்கணும். கௌரவம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?

– இருக்கு. நடு ரோட்டுல நிக்குது.

– நக்கலை விட்டுட்டு டயரைப் பாரு. பஞ்சர் ஒட்டவும் வழியில்ல. கல்லுல ஏறிப் பக்கவாட்டுல கிழிஞ்சிருச்சு.

– செக்கானூரணியில உங்க சேக்காளி ஒருத்தரு பஞ்சர்க் கடை வச்சிருக்காருல்ல, அருள்பாண்டி. அவருக்குப் போன் போடுங்க. ஒரு பழைய சக்கரமாவது கொண்டு வரட்டும்.

– அதைத்தான் செய்யப் போறேன். ஹலோ, அருள்பாண்டி, நான் அழகுராஜா பேசுறேன். கடையிலதான இருக்க?... இல்லையா? எங்க போயிட்ட?... காதுகுத்தா? ஞாயித்துக்கிழமையானா ஊரு பூராம் காதுகுத்துதான். எந்தக் காதுகுத்து?... ம்... ம்... இல்லப்பா, வந்துக்கிட்டேதான் இருக்கேன். சும்மா கேட்டேன்... சரி, உன்கிட்டச் சொல்றதுக்கென்ன. டயரு போச்சு. கம்மாக்கரைக்கு முன்னாடி நிக்கிறேன். யார்கிட்டயும் மூச்சு விட்டுறாத. நான் பார்த்துக்கிறேன். வையி.

– எந்தக் காதுகுத்தாம்?

– நம்ம காதுகுத்துதான். பந்தியில உக்காந்து இட்லி சாப்பிடுறான்.

– ஏங்க, நம்ம விசேஷத்துக்குப் போன ஆளுகளைத் தவிர இந்த ரோட்டுல ஒதவிக்கு வேற ஆளே இல்லையா?

– அப்படித்தான் தெரியுது.

– அந்தா ஒரு வேன் வருது. கைகாட்டவா?

– மொதல்ல யாரு வண்டின்னு பாரு.

– உங்க பெரியப்பா வீட்டு ஆளுக. ஜன்னல்ல கையை நீட்டிக் கூப்பிடுறாக.

– டயருக்கு முன்னாடி வந்து நில்லு. முந்தானையை விரிச்சு நில்லு. சிரி.

– சிரிச்சுட்டேன்.

– போங்க, போங்க, பின்னாடியே வாரோம். சும்மா, தேங்காய் ஒடைக்க நிறுத்துனோம்... போயிட்டாய்ங்களா?

– போயிட்டாக. தேங்காய் ஒடைக்க இங்க எங்கங்க கோயில் இருக்கு?

– ஒரு கல்லு கெடக்குல்ல.

– அந்தக் கல்லுதான டயரைக் கிழிச்சது.

– அவசரத்துக்கு வாயில வந்துச்சு. விடுடி.

– சரி, டவுன் பஸ் வரும். கைகாட்டி ஏறிருவோம். தட்டுகளை நான் மடியில வச்சுக்கிறேன்.

– தாய்மாமன் டவுன் பஸ்ல போயி, அண்டாவுக்கு லக்கேஜ் டிக்கெட் வாங்கி எறங்கணுமா? மாமன் சீரு வருதுன்னு ஊரு எல்லையில மேளக்காரங்களை நிறுத்தி வச்சிருப்பான் என் தங்கச்சி புருஷன் முத்திருளன். பஸ்ஸுக்குப் பின்னாடி கொட்டிக்கிட்டு வரச் சொல்லவா?

– அப்ப முத்திருளன் அண்ணனுக்கே போனைப் போடுவோம். அவுக வண்டியும் இதே வண்டிதான. அவுக வாங்கின வண்டியையே வாங்கணும், அதுலயும் ஒரு மாடல் கூட வாங்கணும்னு நின்னீகள்ல. அது இப்பவாவது ஒதவட்டும். அவுக ஸ்டெப்னி இதுக்குச் சேரும்.

– நீ போன் போட்டின்னா, இப்படியே திரும்பி நடந்து கோச்சடை வீட்டுக்கே போயிருவேன்.

– தங்கச்சி புருஷன்கிட்ட ஒரு ஒதவி கேக்குறதுக்கு என்னங்க வந்துச்சு?

– பேசி ரெண்டு வருஷமாச்சு. புது வீட்டுக்குப் பால்காய்ச்சினப்ப, கூடப் பொறந்தவதான அடுப்புல பாலை ஏத்தணும்? அன்னக்கொடி வருவா வருவான்னு பால்ச்சட்டியைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். நேரம் போகுதுன்னு பெரியவுகள்லாம் சத்தம் போடுறாக. கடைசியில யாரு ஏத்தினது? உன் தங்கச்சி.

– அவ ஏத்தினா பால் பொங்காதாக்கும்.

– அதுக்குச் சொல்லலடி. எல்லாம் முடிஞ்சு பந்தி நடக்கிறப்ப வாராய்ங்க ரெண்டு பேரும். அதுவும் என்ன கோலம்? அவன் வேட்டி பூராம் கருப்பு. சட்டையெல்லாம் மண்ணு. புது வீட்டுக்கு வார லட்சணமா அது?

– அதுக்கு மைக்ல சொல்லுவீகளா?

– மைக் கையில இருந்துச்சு. சும்மா சொன்னேன்.

– சும்மாவா? 'மாப்பிள்ளை பந்திக்கு மட்டும் கரெக்டா வந்துட்டாரு, எலையைப் போடுங்க'ன்னீக. தெருவே சிரிச்சுச்சு. அவுக கொண்டு வந்த அண்டாவை வாசல்ல எறக்கி வச்சிட்டு, சோத்துல கை நனைக்காமத் திரும்பிட்டாக. அன்னக்கொடி அழுதுக்கிட்டே பின்னாடி போனா. ஏன் லேட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டீகளா?

– நான் எதுக்குக் கேக்கணும்? லேட்டா வந்தவன்தான் சொல்லணும்.

– சரி. இன்னைக்கு நீங்க லேட்டாப் போறீக. அங்க என்னன்னு சொல்லுவீக?

– ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

– ஏன்?

– அண்டாவை ஏத்துறதுக்காக ஸ்டெப்னியை எறக்கி வச்சேன்னு ஊருக்கு முன்னாடி சொன்னா, கைகொட்டிச் சிரிப்பாய்ங்க. செத்தாலும் சொல்ல மாட்டேன்.

– நான் எதுவும் சொல்லலப்பா. ஆனா இந்த அண்டாவை எதுக்குத்தான் தூக்கிட்டு வந்தீக? ரெண்டு வருஷமா மாடிப்படிக்கு அடியில கவுந்துதான கெடந்துச்சு?

– அவன் பொருள் அவன்கிட்டயே போகட்டும்.

– அப்ப வெறும் அண்டாவாக் கொண்டு போயி எறக்கலாம்ல. நேத்துப் பூராம் என்னை அடுப்புகிட்ட உக்கார வச்சு அதிரசம் சுட்டு நெறைக்கச் சொன்னீகளே.

– வாங்கின ஏனத்தை வெறுசாத் திருப்பிக் குடுக்கக் கூடாது. அம்புட்டுத்தான்.

– அம்புட்டுத்தானா?

– புள்ளைக்குப் பல்லு மொளைச்சிருச்சுல்ல. ஒரு விள்ளல் கையில குடுத்தா சப்புவா.

– பல்லு மொளைச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?

– அன்னக்கொடி ஸ்டேட்டஸ் வச்சிருந்தா. உன் போன்ல.

– என் போனை எப்ப எடுத்துப் பார்த்தீக?

– சார்ஜ் போடுறப்ப.

– கேக்காமயே தெனம் சார்ஜ் போட்டுக் குடுக்கிறாரே மனுஷன்னு நெனைச்சேன்.

– புள்ளை அஸ்வினி பொறந்ததுல இருந்து போன்லயேதான் பார்க்கிறேன். தூக்கினதில்ல. இன்னைக்கு மடியில வச்சு, ஊசி குத்துறப்ப அழுதா நான்தான் இறுக்கிப் பிடிச்சுக்கணும். அதுக்குத்தான்டி கெளம்பி வந்தேன். சீரெல்லாம் சும்மா.

– அங்க உங்க சித்தப்பா மகன் நல்லகாமன் புது வேட்டி கட்டி உக்காந்திருப்பான். அவனும் மாமன் மொறைதான. நீங்க போகலைன்னா அவன் மடியில வச்சுக் குத்திருவாக.

– குத்திருவாகளா?

– எமகண்டம் உங்களுக்காக நிக்குமா?

– போனைப் போடு.

– யாருக்கு?

– அவனுக்குத்தான். நீயே பேசு. நான் சொன்னேன்னு சொல்லாத.

– போடவே வேணாம். எதுத்தாப்புல பாருங்க, வாரது அவுக வண்டிதான்.

– எனக்கு என்னமோ வேலை இருக்கிற மாதிரி நான் அங்கிட்டுத் திரும்பிக்கிறேன். நீ பேசு.

– தங்கச்சி, வெயில்ல ஏன் நிக்கிற? நெழலுக்குப் போ.

– வாங்க முத்திருளண்ணே. யாரு சொன்னா?

– அருள்பாண்டிதான். பாதி இட்லியோட எந்திரிச்சு வந்து காதுல சொன்னான். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதாமே.

– நம்பி ஒருத்தன்கிட்டச் சொன்னேன் பாரு.

– என் ஸ்டெப்னியை எறக்கியாச்சு. ஜாக்கி இருக்கான்னு கேளு தங்கச்சி.

– ஏங்க, ஜாக்கி இருக்கான்னு கேக்குறாக.

– இருக்குன்னு சொல்லு.

– இருக்காம்ணே.

– ஸ்பேனரு?

– ஏங்க, ஸ்பேனராம்.

– அதுவும் இருக்கு. டயரைத் தவிர எல்லாம் இருக்குன்னு சொல்லு.

– ரெண்டு பேரும் ஒரே டயருக்கு முன்னாடி குத்த வச்சிருக்கீக. நடுவுல நான் எதுக்குங்கிறேன்?

– தூக்குறதுக்கு முன்னாடியே போல்ட்டை லூசு பண்ணிக்கணும்னு சொல்லு தங்கச்சி.

– அதெல்லாம் தெரியும்னு சொல்லு.

– கேட்டுச்சாண்ணே?

– கேட்டுச்சு. அவரு வேட்டியைப் பார்க்கச் சொல்லு. முட்டியில இருந்து கீழ வரைக்கும் கருப்பு அப்பிருச்சு.

– இதுக்கும் சிரிக்கணும்னா சிரிச்சுக்கிறச் சொல்லு.

– சிரிக்கலைன்னு சொல்லு. டயர்க் கருப்பு லேசுல போகாது. சோப்புப் போட்டாலும் போகாது. எனக்குத் தெரியும்.

– புள்ளை என்னண்ணே செய்யிறா?

– தூங்குறா. நல்லகாமன் துண்டை மடியில விரிச்சு உக்காந்திருக்கான். நான் வார வரைக்கும் ஊசியைத் தொடக் கூடாதுன்னு ஆசாரிகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்.

– மாமன் வார வரைக்கும்னு சொல்லுங்கண்ணே.

– ரெண்டும் ஒண்ணுதான் தங்கச்சி. இந்தா, மாட்டியாச்சு. ஜாக்கியை எறக்கச் சொல்லு.

– எறக்கியாச்சுன்னு சொல்லு.

– தட்டையெல்லாம் குடு, ஏத்துவோம். தங்கச்சி, இது எங்க அண்டாவுல்ல?

– ஆமாண்ணே.

– உள்ள என்ன?

– அதிரசம்.

– ம். ஸ்டெப்னியை எங்க வச்சாராம்?

– வீட்லண்ணே.

– இந்த அண்டா ஏறலைன்னுதான் எறக்குனாரா?

– நான் எதுவும் சொல்லலப்பா.

– கேட்டுச் சொல்லு.

– ஏங்க, அண்ணன் என்னமோ...

– ஆமான்னு சொல்லு. அண்டாவை வச்சா டிக்கி மூடல, அதான் எறக்குனேன்னு சொல்லு. கோயில்ல மைக் இருக்கும்ல, அதுல சொல்லி ஊரையே சிரிக்க வைக்கச் சொல்லு. நான் கேட்டுக்கிறேன்.

– அண்ணே, என்னண்ணே அண்டாவையே பார்த்துக்கிட்டு நிக்கிறீக? நேரமாகுது.

– மச்சான்.

– என்ன மாப்ள?

– அன்னைக்கு உங்க பால்காய்ச்சுக்கு வாரப்ப, நாகமலைகிட்ட எங்களுக்கும் டயரு போச்சு. என் வண்டியிலயும் ஸ்டெப்னி இல்ல மச்சான். இந்த அண்டா ஏறலைன்னு நானும் எறக்கி வச்சிட்டுத்தான் வந்தேன்.