‘விதையில் குறையில்லை’ என்று எழுதிய கை

அவைக்குத் தலைமை தாங்கும் பண்ணைத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே! குனிந்து குனிந்து நாற்று நட்டு, பிள்ளைகளை நிமிர வைத்த பெரியோர்களே! பச்சைச் சாறு காயாத கைகளோடு வேலை முடித்து நேரே வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் பண்ணை நிர்வாக அதிகாரி அவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

“சத்தமா பேசும்மா! கேக்கல!”

பேசுகிறேன் அம்மா. வகுப்பில் வருகை சொல்லவே நாக்கு ஒட்டிக்கொண்ட பெண் நான். ஆனால் இன்று வாய் மூடினால், இனி எந்நாளும் என்னால் தலை நிமிர முடியாது.

தக்காளி எதனால் சிவக்கிறது? வெயிலாலா? வேளையாலா? ஒவ்வொரு செடிக்குள்ளும் டி.என்.ஏ. என்றொரு புத்தகம் இருக்கிறது. ‘பழுத்திடு’ என்ற கட்டளை அதில் எழுதியிருக்கிறது. அந்தக் கட்டளையின் மேல் மெத்தில் என்னும் சின்னஞ்சிறு வேதிக்குறிகள் பூட்டுகளாய்த் தொங்குகின்றன. காய் முற்றியதும் ஒரு நொதி வந்து பூட்டுகளைக் கழற்றும், காய் கனியும். கழலாவிட்டால்? எழுத்து மாறாது, எதுவும் குறையாது. காய் மட்டும் கடைசிவரை வெளுத்தே கிடக்கும். அரிதாக, அந்தப் பூட்டு விதைவழியே பிள்ளைச் செடிக்கும் போய்விடும்.

ஏழாம் பசுமைக்குடிலில் வேலை பார்த்த ‘செங்காய்’ உங்களுக்கு நினைவிருக்கிறாரா?

“மறப்போமா? காயைப் பாத்தே, இது நாளைக்கு, அது நாளன்னைக்குன்னு சொல்லுவாரே!”

அவர்தான். அவர் என் அப்பா.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருடைய வரிசை முழுதும் வெளுத்து நின்றது. “மருந்த மாத்தி அடிச்சுக் கெடுத்துட்டான்” என்றார்கள். அப்போது வெளியூர் ஆய்வகம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, முதல் வெள்ளை அங்கி. எண் மட்டும் ஒட்டிய விதை மாதிரி ஒன்று, யாருடையது என்ற பெயரில்லாமல், என் மேசைக்கு வந்தது. எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டேன், எல்லாம் சரி. பூட்டுகளைப் பார்க்கவில்லை. ‘அதையும் பார்க்கட்டுமா?’ என்று மேலதிகாரியிடம் கேட்க வெட்கம். ‘பார்க்கவில்லை’ என்றாவது எழுதினேனா? இல்லை. ‘விதையில் குறையில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

சில வாரம் கழித்து அப்பா ஒரு கடிதத்தை நீட்டினார்.

“என்ன போட்டிருக்கான்னு படி கண்ணு.”

படித்தேன். மேலே, நான் சோதித்த அதே மாதிரியின் எண். விதையில் குறையில்லை, ஆகவே வளர்த்தவரின் நாசவேலை, ஆகவே வேலைநீக்கம். என் வாக்கியம். என் வாயாலேயே படித்தேன். என்னுடையது என்று மட்டும் சொல்லவில்லை.

தன் வரிசையின் வெளுத்த பழம் ஒன்றின் விதையை அப்பா வீட்டில் உடைந்த வாளி ஒன்றில் விதைத்தார். மாதங்கள் போயின.

“பாரும்மா, வெறும் தண்ணிதான் ஊத்துறேன். இதுவும் வெளுத்துதான் கிடக்கு. நான் மருந்த மாத்தலன்னு இப்பவாவது புரியுதா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஆய்வகம் பொய் சொல்லாதுப்பா.”

அதன்பின் அவர் அதைப் பற்றிப் பேசவேயில்லை. செடி காய்ந்தால் அதன் விதையையே மறுபடி விதைத்துத் தண்ணீர் மட்டும் ஊற்றினார். எந்தப் பண்ணையும் சேர்க்காமல் சந்தையில் மூட்டை சுமந்தார். சென்ற மாதம் அங்கேயே விழுந்தார். அங்கேயே முடிந்தார்.

அவர் போனபின்தான் அந்த வாளிச் செடியைச் சோதித்தேன். பூட்டு! பழத்துக்குப் பழம் பூட்டு! அப்பா மருந்தை மாற்றவில்லை. மகள்தான் உண்மையை மாற்றினாள்.

அழாதீர்கள் தாய்மார்களே. அழுவதற்கு நான் வரவில்லை. அதோ, தூணோரம் அமர்ந்திருக்கும் அக்காவைப் பாருங்கள். அதே விதை, அதே வெளுப்பு, அதே குற்றச்சாட்டு; சென்ற வாரம் அவர் கையில் அதே கடிதம்!

அதிகாரி அவர்களே! நேற்று என்னிடம், “செத்தவருக்கு எதுக்கும்மா குத்தமில்லைன்னு சான்றிதழ்? உன் வேலையப் பாத்துக்க” என்றீர்கள். பார்த்துவிட்டேன் ஐயா. என் பழைய அறிக்கை தவறு என்று இன்று காலை ஆய்வகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். வேலை போகலாம், போகட்டும். செத்தவருக்காக மட்டும் கேட்கவில்லை, இருப்பவருக்காகவும் கேட்கிறேன். அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள்! என் அப்பாவின் பதிவேட்டில் ‘நாசவேலை’ என்ற சொல்லை அடியுங்கள்!

இதோ, வாளிச் செடியின் கடைசிப் பழம். இந்த மேசையிலேயே விட்டுச் செல்கிறேன். எத்தனை நாள் வைத்திருந்தாலும் சிவக்காது. பார்த்துக்கொண்டே இருங்கள்.

பேச இடம் தந்த தலைவருக்கு நன்றி. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. இதைக் கேட்டிருக்க வேண்டிய ஒருவரிடம் மன்னிப்பு.

வணக்கம்.